இல்லப்படங்களும் தோட்டத்து வரலாறும்

மலாய் மொழியில் 'பாயா' என்பது சதுப்பு நிலம். 'ரும்புட்' என்பது புல். புல் மண்டிய சதுப்பாக ஓர் இடம் ஒரு காலத்தில் இருந்தது என்பதை அதன் பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மலாக்கா மாநிலத்தின் மத்திய மாவட்டத்தில் செங், குருபோங் ஆகிய ஊர்களை அடுத்துள்ள பாயா ரும்புட்டில் இன்று கண்ணிற்படுவன பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகளே. நிலத்தின் பழைய தோற்றத்தை ஊர்ப்பெயர் காத்துத் தந்தது. ஆனால், இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பிள்ளை வளர்த்து, கோயில் எழுப்பி வாழ்ந்த தமிழ் மக்களின் முகத்தையும் நடையையும் குரலையும் காத்துத் தந்தது எது? இவ்வினாவைப் பின்பற்றிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாக்காவின் வரலாற்றுக்குச் சான்றுகள் குறைவில்லை. 1511இல் போர்த்துகீசியரும், 1641இல் டச்சுக்காரரும், 1824இல் ஆங்கிலேயரும் இந்நகரைத் தம் வசமாக்கிக்கொண்ட செய்திகளைக் கோட்டை வாயிலும் கல்வெட்டும் ஏடுகளும் உரைக்கின்றன. தமிழர் தொடர்பிலும் பழஞ்சான்றுகள் உண்டு. மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆயினும், தோட்டத் தமிழரின் வரலாறு வேறு வகைப்பட்டது. 1896இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டதே மலாயாவில் வாணிக நோக்குடன் அமைந்த முதல் ரப்பர்த் தோட்டம் என்பர். அதன்பின் ரப்பர் பெருகியது. கங்காணிமார் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். 1938இல் இந்திய அரசு இவ்வகை ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை அவ்வரவு தொடர்ந்தது. அவர்களைப் பற்றித் தோட்ட அலுவலகங்கள் எழுதி வைத்தவை பெரும்பாலும் கணக்கேடுகளே. கணக்கேட்டில் பெயர் உண்டு, வந்த நாள், வராத நாள் உண்டு, சம்பளம் உண்டு. ஆளின் முகமோ குரலோ அங்கு இல்லை.

அசையும் படம் உலகில் தோன்றிய காலமும் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்று ஊன்றிய காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பது எண்ணத்தக்கது. 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துச் சிறு படங்களுள் ஒன்று, அவர்களுள் மூத்தவரான ஒகுஸ்த் லூமியேரும் அவர் மனைவியும் தம் குழந்தைக்கு உணவூட்டும் காட்சியாகும். வேந்தரும் போரும் அப்படத்தில் இல்லை. ஒரு வீடு, ஒரு குழந்தை, ஒரு கிண்ணம், அவ்வளவே. வீட்டார் தம் வீட்டாரைத் தமக்காகவே எடுத்துக்கொள்ளும் இத்தகைய படத்தை 'இல்லப்படம்' என்று வழங்கலாம். அசையும் படக்கலையோடு உடன் பிறந்தது இல்லப்படம் என்று சொன்னால் அது மிகையாகாது.

உடன் பிறந்தாலும், அது எல்லார் வீட்டுக்கும் வந்துவிடவில்லை. அதற்குக் காரணம் செலவு. 1923இல் கோடாக் நிறுவனம் வீட்டுப் பயனுக்கென 16 மில்லிமீட்டர் படச்சுருளை வெளியிட்டது. நூறு அடிச் சுருளொன்று ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். 1932இல் மலிவான 8 மில்லிமீட்டர்ச் சுருளும், 1965இல் 'சூப்பர் 8' சுருளும் வந்தன. சூப்பர் 8 பெட்டியொன்றில் அடங்கியது 3 நிமிடம் 20 வினாடிக் காட்சியே. எடுத்த சுருளைக் கழுவிப் பெறுவதற்கு வேறு செலவு. திரையிட்டுப் பார்ப்பதற்கு வேறு கருவி. நாட்கூலியை நம்பிய குடும்பம் இதை நினைத்தும் பார்த்திராது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை கொடுக்கவேண்டிய காலத்தில், எவருடைய நிமிடம் பதிவுபெறும் என்பதைப் பணமே முடிவு செய்தது.

ஆகவே, தோட்டப்புறத்தில் படக்கருவி முதலில் துரைமார் கைக்கே வந்தது. பேரரசுக் காலத்தில் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயர் எடுத்த இல்லப்படங்கள் பல இன்று பிரிட்டனின் பிரிஸ்டல் நகர ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. இவ்வகைப் படங்களில் பங்களாவும் புல்வெளியும் குழந்தைகளும் முன்னிற்பர். தொழிலாளர் பின்புலத்தில் பெயரின்றி நடந்து செல்வர். 1946இல் மலாயா திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948இல் வெளிவந்த 'வாய்சஸ் ஆஃப் மலாயா' போன்ற செய்திப் படங்களும் மலாயாவின் பல இன மக்களைக் காட்ட முற்பட்டன. அவை பயனுடையவை என்பதை மறுத்தற்கில்லை. எனினும், பால் வெட்டும் கை அவற்றில் 'ரப்பர்த் தொழில்' என்பதற்கு எடுத்துக்காட்டாக நிற்கிறதேயன்றி, அது இன்னாரின் கை என்று எவரும் குறித்து வைக்கவில்லை. அந்தக் கைக்குரியவரின் பேரப்பிள்ளை இன்று அப்படத்தைப் பார்த்தாலும், தம் பாட்டியை அடையாளம் காணுதல் அரிது.

பதிவு செய்யும் கருவி ஒரு சமூகத்தின் கையில் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டாம் உலகப் போர் தெளிவாகக் காட்டுகிறது. 1942இல் அமெரிக்க அரசு தன் நாட்டில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 120,000 பேரை முகாம்களுக்குக் கொண்டு சென்றது. யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமில் இருந்த டேவ் டாட்சுனோ என்பவர், தடை இருந்தும் 8 மில்லிமீட்டர்ப் படக்கருவியொன்றை மறைவாகப் பெற்று, அங்குள்ளோர் அன்றாடம் வாழ்ந்ததைப் படமெடுத்தார். 1996இல் அது அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பட்டியலில் காக்கத்தக்க படமாகச் சேர்க்கப்பட்டது. அதே போர்க்காலத்தில், ஜப்பானியப் படையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவரான தமிழரைச் சயாம், பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுபோயினர். திரும்பாதோர் பலர். அவர்கள் கையில் படக்கருவியும் இல்லை. நாட்குறிப்பு எழுதும் வாய்ப்பும் பெரும்பாலோர்க்கு இல்லை. உயிர் தப்பியோரின் வாய்மொழியே அவர்களுக்கு ஏடாயிற்று. பின்னாளில் ஆர். சண்முகம் போன்ற எழுத்தாளர் 'சயாம் மரண ரயில்' முதலிய நாவல்களால் அவ்வெறுமையை நிரப்ப முயன்றனர். சான்றில்லாத துயரத்துக்கு இலக்கியமே சான்றாக நிற்க நேர்ந்தது.

1980களில் நிலை மாறலாயிற்று. அதுவரை படம் பிடிக்கும் கருவியும் நாடாவில் பதியும் கருவியும் தனித்தனியாக இருந்தன. 1983இல் சோனி நிறுவனம் இரண்டையும் ஒன்றாக்கிய வீடியோ கேமராவை இல்லத்தார்க்கென வெளியிட்டது. 1985இல் சிறிய நாடாவைக் கொண்ட கைக்கருவியும் வந்தது. வீடியோ நாடா மணிக்கணக்கில் ஓடும்; கழுவவேண்டுவதில்லை; தொலைக்காட்சிப் பெட்டியிலேயே போட்டுப் பார்க்கலாம். நகரத்து வீடியோக் கடையில் திரைப்பட நாடாக்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்த நம் மக்கள், தம் வீட்டுத் திருமணத்தையும் அதே பெட்டியில் காணத் தொடங்கினர். தோளில் கருவியைச் சுமந்தும் கண்கூசும் விளக்கைப் பிடித்தும் வரும் வீடியோக்காரர், மேளக்காரரைப் போலவே திருமண வீட்டுக்கு இன்றியமையாதவர் ஆனார்.

ஆயினும், இதுவும் விழாவின் பதிவேயன்றி வாழ்வின் பதிவன்று. வாடகைக்கு வந்தவர் மணவறையை எடுப்பார், பந்தியை எடுப்பார், வரிசையில் நின்று மொய் எழுதுவோரை எடுப்பார். விளக்கொளி முகத்தில் பட்டதும் எல்லாரும் நிமிர்ந்து நின்றுவிடுவர். மறுநாள் விடியலில் அதே தாய் காண்டா வாளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிரைக்குப் போவதை எடுக்க எவரும் வருவதில்லை. ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட குழந்தையின் அழுகையும், லயத்து வாசலில் மாலையில் நடக்கும் பேச்சும், ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்பிய தந்தை முகங்கழுவும் தொட்டியும் படத்துக்குரியவை என்று அன்று எவர்க்கும் தோன்றவில்லை.

அன்றாட வாழ்வு படத்துக்குள் வந்தது சட்டைப்பைப் படக்கருவியின் வருகைக்குப் பிறகே. 2006இல் அமெரிக்காவின் பியூர் டிஜிட்டல் என்னும் நிறுவனம் மிக எளிய வீடியோ கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டு அதன் வழிவந்த கருவி 'ஃபிளிப்' என்னும் பெயரால் புகழ்பெற்றது. அதில் நாடா இல்லை. நுணுக்கமான திருகுகள் இல்லை. நடுவே ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் பதியும், மீண்டும் அழுத்தினால் நிற்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பதியவல்லதாக இருந்தது. பக்கத்திலிருந்து மடக்குக்கத்தி போல் வெளிப்படும் இணைப்பானைக் கணினியில் செருகினால் படம் அதற்குள் சென்றுவிடும். பெரிய கருவிகளின் சிறப்பெல்லாம் இதற்கில்லை. ஆனால், கற்காமலே கையாளக்கூடிய எளிமை இதற்கு இருந்தது. சமையற்கட்டிலும் வாசற்படியிலும் எவரும் எடுத்து நீட்டினர். இதன் செல்வாக்கைக் கண்ட சிஸ்கோ நிறுவனம் 2009இல் 590 மில்லியன் டாலருக்குப் பியூர் டிஜிட்டலை வாங்கியது. 2011 ஏப்ரலில் அத்தொழிலையே மூடிவிட்டது. கைத்தொலைபேசியே படக்கருவியாகிவிட்ட பின்னர்த் தனிக்கருவிக்கு வேலையில்லாது போயிற்று. நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு இந்த எளிமை கைத்தொலைபேசியின் வாயிலாகவே வந்து சேர்ந்தது.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்லும் தேரை முன்பு செய்தியாளர் எடுத்தனர். இன்று தேரோடு நடப்பவரே எடுக்கின்றனர். பாட்டி அம்மி அரைக்கும்போது சொல்லும் பழமொழியைப் பேத்தி பதிந்துவைக்க முடிகிறது. மலாய்ச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கலந்த தோட்டத்துப் பேச்சு, அதன் இழுவையும் அழுத்தமும் மாறாமல் செவிக்குக் கிட்டுகிறது. மொழியாசிரியர்க்கு இதனினும் பெரிய கருவூலம் வேறென்ன வேண்டும்?

ஆனால், மலிவில் ஒரு தீங்கும் மறைந்திருக்கிறது. நான்கு நிமிடச் சுருளுக்கு விலை கொடுத்தவர், அதைத் தகரப் பெட்டியிலிட்டு, நாளும் பெயரும் எழுதிப் போற்றினார். செலவின்றி நூறு மணி நேரம் எடுப்பவர் எதையும் எழுதி வைப்பதில்லை. தொலைபேசி பழுதுபட்டால் படமும் உடன் போகிறது. 1980களின் திருமண நாடாக்கள் நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்து அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் வி.எச்.எஸ். கருவியைச் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. எடுக்கும் ஆற்றல் எளிதாக எளிதாக, காக்கும் எண்ணம் தளர்ந்து வருகிறது என்பதே உண்மை.

இல்லப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. வீட்டார் மகிழ்ச்சியையே விரும்பி எடுப்பர். கள்ளுக்கடையால் சிதைந்த குடும்பமும், தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதமும், வேலை தேடி அலைந்த நாட்களும் அப்படங்களில் இரா. ஆகவே, படத்தில் இருப்பதைக் காண்பதோடு நில்லாமல், இல்லாதது யாது என்று முதியோரைக் கேட்டறிதலும் ஆய்வாளர் கடமையாகும்.

சிதறிக் கிடப்பதைத் தேடித் திரட்டுவதற்குத் தமிழரிடையே நல்ல முன்மாதிரி உண்டு. 'உலகம் சுற்றிய தமிழர்' என்று போற்றப்படும் ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் பல நாடுகளில் பலரிடம் கிடப்பதை அறிந்து, கடல் கடந்து அலைந்து அவற்றைத் திரட்டி, 1940இல் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டார். பெருந்தலைவர் ஒருவருக்காக அவர் மேற்கொண்ட முயற்சியில் நூற்றில் ஒரு பங்கை நம் பாட்டன் பாட்டியர்க்காக நாம் மேற்கொள்ளலாகாதா?

வழி எளிது. 2003இல் அமெரிக்காவில் படக்காப்பாளர் சிலர் 'இல்லப்பட நாள்' என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கினர். ஊரார் தம் பழைய சுருள்களைக் கொண்டுவருவர். அறிந்தோர் அவற்றைச் சோதித்துத் திரையிடுவர். பார்ப்போர் 'இவர் இன்னார்' என்று அடையாளம் சொல்லுவர். தமிழ்ப்பள்ளி மண்டபமொன்றில் ஆண்டுக்கு ஒரு நாள் இதனைச் செய்வது கடினமன்று. மாணவர் தம் வீட்டு நாடாவையோ தொலைபேசிப் பதிவையோ கொண்டுவரட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்புகள் எழுதட்டும்: படத்தில் இருப்போர் யார், இடம் எது, ஆண்டு எது. நாடாவிலுள்ளதை ஓட்டும் கருவி கிடைக்கும்போதே புதிய வடிவுக்கு மாற்றி, இரண்டு படிகளாக இரண்டு இடங்களில் வைக்கட்டும். படத்திலிருப்போரின் இசைவைப் பெற்ற பின்னரே பிறர்க்குக் காட்டட்டும். பாடநூலில் வரலாறு படிக்கும் பிள்ளை, அன்று தானே வரலாற்றுச் சான்றொன்றைத் தொகுத்தவனாவான்.

நாளை இவ்வட்டாரத்துத் தோட்டங்களின் பெயர்கள் கூட மாறலாம். சதுப்பு மறைந்தும் பாயா ரும்புட் என்னும் பெயர் நிலைத்ததற்குக் காரணம், மக்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் காத்ததேயாகும். முகங்களையும் அவ்வாறே காக்க வேண்டும். படத்தில் பால் வாளியோடு நிற்கும் மூதாட்டியின் பெயரை அறிந்தவர் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய தலையாய கடன்.