மாதுங்காவின் பள்ளியும் தாராவியின் பள்ளியும்

பள்ளியின் பண்பாடு அதன் சுவர்களுக்குள் மட்டும் உருவாவதன்று. மும்பைத் தமிழரின் கல்வி வரலாறே இதற்குச் சான்று.

1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் மாதுங்காவைத் திட்டமிட்டு உருவாக்கியது. அங்குக் குடியேறிய தென்னிந்திய எழுத்தர்களும் தட்டச்சர்களும் படிப்பால் வேலை பெற்றவர்கள். அவர்களுள் பிராமணரே மிகுதி. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் (எஸ்.ஐ.இ.எஸ்.) அங்கே உருவானபோது, வீட்டின் எதிர்பார்ப்பே வகுப்பறையின் ஒழுங்காயிற்று. 1960இல் அச்சங்கம் சயானில் கல்லூரியும் நிறுவியது. மாணவனுக்கு அடுத்த படி கண்ணெதிரே தெரிந்தது.

சயானை ஒட்டியதே தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தோருள் ஆதிதிராவிடர் பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் எழுத்தறிவை அளித்தன. ஆயினும், மும்பையில் கல்லூரிக்குத் தமிழ்வழி இல்லை. மேலே செல்வோர் ஆங்கிலத்துக்கு மாறியே ஆகவேண்டும். அந்த மாற்றத்தில் துணைநிற்கப் படித்த பெற்றோரும் இல்லை. ஆசிரியர் எத்துணை ஈடுபாட்டுடன் கற்பித்தாலும் இவ்விடைவெளியைத் தனித்து நிரப்ப இயலாது.

இவ்வேறுபாட்டுக்குத் ‘திறமை’ எனப் பெயரிடுவது வரலாற்றை மறைப்பதாகும். பள்ளிப் பண்பாட்டை ஆராய்வோர், அப்பள்ளிக்குப் பின் எந்தப் பாதை, யாருக்குத் திறக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.