மோந்த்ரொய்–யெலிமானே நகர ஒத்துழைப்பு

பாரிசை ஒட்டிக் கிழக்கே அமைந்த மோந்த்ரொய் நகராட்சியும், மேற்கு மாலியில் காயெஸ் வட்டாரத்தைச் சேர்ந்த யெலிமானே பகுதியும் 1980களில் தொடங்கிய வளர்ச்சி உறவு. அப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் போன சோனின்கே இன மக்களில் பலர் மோந்த்ரொயின் தொழிலாளர் விடுதிகளில் தங்கினர். ஊர்வாரியாகச் சங்கம் அமைத்து, கூலியில் ஒரு பங்கைப் பொதுநிதியில் சேர்த்து, சொந்த ஊரில் மசூதி, கிணறு, பள்ளி, மருந்தகம் எழுப்பினர். நகராட்சி பின்னரே கைகோத்தது. முன்னோடிகள் இத்தொழிலாளர்களே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு உள்ளாட்சிகள் அயல்நாட்டு உள்ளாட்சிகளுடன் ஒப்பந்தம் செய்துகொள்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது. மாலியில் 1999இல் கிராமப்புற உள்ளாட்சிகளுக்கும் தேர்தல் நடந்தபின், சங்கங்களுக்கு உள்ளூரிலேயே மக்கள் தேர்ந்தெடுத்த பங்காளிகள் கிடைத்தனர். 2005ஆம் ஆண்டின் ஊதேன்–சாந்தினி சட்டப்படி, பிரெஞ்சு உள்ளாட்சிகள் தண்ணீர், கழிவுநீர்ச் சேவை வருவாயில் 1 விழுக்காடு வரை வெளிநாடுகளில் அதே துறைசார் திட்டங்களுக்குச் செலவிடலாம்.