ரூமர்ஸ்: ஓர் இசைத்தட்டும் அதன் ரசிகர்களும்

ரூமர்ஸ்: ஃப்ளீட்வுட் மேக் என்னும் பிரிட்டிஷ்-அமெரிக்க இசைக்குழுவின் இசைத்தட்டு. வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1977 பிப்ரவரி 4 அன்று வெளியிட்டது. 11 பாடல்கள், ஓடும் நேரம் ஏறத்தாழ 40 நிமிடம். மென்மையான ராக் வகையில் மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்று. உலகெங்கும் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். இத்தனை பேர் வாங்கிய தட்டைப் பற்றி ரசிகர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததே இல்லை.

முதல் சச்சரவு தட்டு வெளிவருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1967இல் லண்டனில் பீட்டர் கிரீன் தொடங்கியபோது ஃப்ளீட்வுட் மேக் ஒரு புளூஸ் குழு. அந்தக் காலத்து ரசிகர்களுக்கு அது கிரீனின் கிட்டார் குழு. அவர் 1970இல் விலகினார். அதன்பின் பலர் வந்து போனார்கள். டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வியும் மட்டுமே கடைசிவரை நிலைத்தவர்கள். ஜானின் மனைவி கிறிஸ்டின் மெக்வி கீபோர்டும் குரலுமாகச் சேர்ந்தார். 1975இன் தொடக்கத்தில் கலிபோர்னியா ஜோடியான லிண்ட்சே பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் வந்தார்கள். பெயர் மட்டும்தான் பழசு, குழு வேறு என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் புதிய ஐவரின் முதல் தட்டு, வெளிவந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, 1976 செப்டம்பரில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது.

அந்த நேரத்தில் குழு அடுத்த தட்டுக்கான வேலையில் இருந்தது. 1976 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ அருகே சாசலிட்டோவில் உள்ள ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. மெக்வி தம்பதி விவாகரத்தில் இருந்தார்கள். பக்கிங்ஹாமும் நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஃப்ளீட்வுட்டின் இல்வாழ்க்கையும் ஆட்டம் கண்டிருந்தது. ஒருவர் எழுதிய பாட்டுக்கு, யாரைக் குறித்து எழுதப்பட்டதோ அவரே பக்கவாத்தியம் வாசிக்க வேண்டிய நிலை. 'வதந்திகள்' என்ற பொருளில் தலைப்பைச் சொன்னவர் ஜான் மெக்வி.

இந்தக் குடும்பக் கதைதான் ரசிகர்களை இழுத்தது என்பது பரவலான கருத்து. கதை இழுத்தது உண்மை; பிடித்து வைத்தது ஒலி. அந்த ஒலிக்குப் பின்னால் பட்ட பாடு சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. ஒரே டேப்பில் மறுபடி மறுபடி குரலும் கிட்டாரும் சேர்த்துக்கொண்டே போனதில், டேப் தேய்ந்து டிரம்ஸின் கூர்மையான ஒலிகள் மங்கத் தொடங்கின. நல்லவேளையாகப் பாதுகாப்புப் பிரதி ஒன்று தனியே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தொழில்நுட்ப வல்லுநர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு காதில் தேய்ந்த டேப், மறு காதில் பிரதி; இரண்டின் தாளமும் ஒன்றாகும்வரை கையால் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பொருத்தினார். இன்றும் 'ட்ரீம்ஸ்' பாடலைக் கேட்பவர்கள் புகழும் அந்தத் தெளிவான டிரம்ஸ் இப்படி மீட்கப்பட்டது. நிக்ஸ் அந்தப் பாடலை எழுத எடுத்துக்கொண்டதோ பத்து நிமிடம்தான் என்று சொல்லியிருக்கிறார்.

தட்டு வெளிவந்ததும் அமெரிக்க வானொலி அதை வாரி அணைத்துக்கொண்டது. நான்கு பாடல்கள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. 'ட்ரீம்ஸ்' 1977 ஜூனில் முதலிடம் பிடித்தது. தட்டு மொத்தம் 31 வாரம் பில்போர்டு பட்டியலின் உச்சியில் இருந்தது. 1978இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அது பங்க் அலையின் ஆண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் கேட்ட இளைஞர்களுக்கு ரூமர்ஸ் வசதி படைத்தவர்களின் சோகம், அப்பா-அம்மா வாங்கும் தட்டு. இருந்தும் 1978 ஜனவரியில் அங்கேயும் அது முதலிடத்தை அடைந்தது. விமர்சகர்கள் இதை வெறுத்தார்கள், மக்கள்தான் தூக்கிப் பிடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது முழுக்கச் சரியல்ல. வில்லேஜ் வாய்ஸ் இதழின் 1977ஆம் ஆண்டு விமர்சகர் வாக்கெடுப்பில் ரூமர்ஸ் நான்காவது இடம் பெற்றது.

1979இல் வந்த 'டஸ்க்' என்ற இரட்டைத் தட்டு, இன்னொரு ரூமர்ஸை எதிர்பார்த்தவர்களைத் திகைக்க வைத்தது. பக்கிங்ஹாமின் சோதனை முயற்சிகள் அதில் நிறைந்திருந்தன. அது லட்சக்கணக்கில் விற்றும் தோல்வி என்றே பேசப்பட்டது. டஸ்கின் பக்கம் சாயும் ரசிகர் கூட்டம் பின்னால் உருவாகி, ரூமர்ஸ் மிகவும் மெருகேறிய சரக்கு என்று இன்றும் வாதாடுகிறது.

1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் பில் கிளிண்டன் ரூமர்ஸின் 'டோன்ட் ஸ்டாப்' பாடலைப் பிரசாரப் பாட்டாக்கினார். அவர் பதவியேற்பையொட்டி 1993 ஜனவரியில் ஐவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். மணமுறிவைப் பற்றி எழுதப்பட்ட பாட்டை நாட்டின் நம்பிக்கைப் பாட்டாகக் கேட்டார்கள் மக்கள். பிரிட்டனிலும் இதே விதம்தான். 'தி செயின்' பாடலின் பிற்பகுதியில் வரும் பேஸ் கிட்டார் துண்டு பிபிசியின் ஃபார்முலா ஒன் ஒளிபரப்பில் பல்லாண்டு ஒலித்ததால், அங்கே பலருக்கு அது பந்தயக் கார்களின் இசை.

ரசிகர்கள் தீராமல் வாதிடுவது தட்டில் இல்லாத ஒரு பாட்டைப் பற்றி. நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' நீளம் என்று சொல்லி விடப்பட்டது. 'கோ யுவர் ஓன் வே' பாடலின் தனிப்பாடல் தட்டின் மறுபக்கத்தில் ஒதுங்கியது. 1997இல் ஒரு மேடைப் பதிவில் பக்கிங்ஹாமை நேருக்கு நேர் பார்த்தபடி நிக்ஸ் அதைப் பாடியபோது, இருபது ஆண்டு தூங்கிய பாட்டு விழித்துக்கொண்டது. 2004 மறுபதிப்பில் அது ரூமர்ஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. நீதி கிடைத்தது என்றார்கள் பலர். பழைய தட்டுக்காரர்கள் ஏற்கவில்லை. முதல் பக்கம் 'சாங்பேர்ட்' பியானோவுடன் அடங்க, தட்டைத் திருப்பிப் போட்டதும் 'தி செயின்' தொடங்கும் அந்த ஒழுங்கு குலையக்கூடாது என்பது அவர்கள் கட்சி.

2020இல் ஒருவர் சறுக்குப் பலகையில் போய்க்கொண்டே பழச்சாறு குடித்து 'ட்ரீம்ஸ்' பாட்டுக்கு வாயசைத்த சிறு காணொளி டிக்டாக்கில் பரவியது. 43 வயதான தட்டு மறுபடி பில்போர்டு முதல் பத்துக்குள் நுழைந்தது. யாரை யார் பிரிந்தார்கள் என்று தெரியாத தலைமுறை அதை வெறும் இதமான இசையாகக் கேட்டது. விமர்சகர்களின் கணிப்பும் ஏறியது: ரோலிங் ஸ்டோன் இதழின் சிறந்த 500 ஆல்பங்கள் வரிசையில் 2003இல் 25ஆம் இடம், 2020இல் 7ஆம் இடம்.

கிறிஸ்டின் மெக்வி 2022 நவம்பர் 30 அன்று காலமானார். முதன்முறையாகக் கேட்க விரும்புவோர் 1977ஆம் ஆண்டு வரிசையில் 11 பாடல்களையும் கேட்டுவிட்டு, 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாடலை 1997 மேடைப் பதிவில் தனியே கேட்பது நல்லது.