துவர்ப்பின் வரலாறு: புளியங்கொட்டைத் தோலை முன்வைத்து

கராடியில் என் அறையில் சென்ற வாரம் புளியங்கொட்டை வறுத்தேன். வறுத்துத் தட்டினால் செந்தோல் உதிர்ந்துவிடும்; வெண்பருப்பை மட்டுமே தின்ன வேண்டும். ஒரு கொட்டையில் தோல் ஒட்டியிருந்தது. நாக்கு வறண்டு இழுத்துக்கொண்டது. இப்பதிவு அந்தத் துவர்ப்பைப் பற்றியது.

தமிழில் 'துவர்' என்பது ஒரு சுவையையும் குறிக்கும், செந்நிறத்தையும் குறிக்கும். புளியங்கொட்டைத் தோலில் இரண்டும் உண்டு. துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பாலிபீனால் வகை. அது உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. வாயின் வழவழப்புக் குறைகிறது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டவர்கள் நம்பியதும் இதே பிணைப்பைத்தான். டானின் பிணைந்த தோற்புரதத்தை நுண்ணுயிர்களின் நொதிகளால் எளிதில் சிதைக்க இயலாது. 1803இல் ஹம்ஃப்ரி டேவி இலண்டனில் துவர்ப்புத் தாவரங்களை ஆராய்ந்தபோது, பம்பாயிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சென்ற காசுக்கட்டியும் அவருடைய ஆய்வுமேசையில் இருந்தது.

ஆனால் தோல் பதனிடுவோருக்கு நண்பனாக இருந்த டானின், நொதி ஆய்வாளருக்குப் பகையாயிற்று. இலையை அரைத்து நொதியைப் பிரித்தெடுக்க முயன்றால், பாலிபீனால்கள் அதனோடு பிணைந்து செயலிழக்கச் செய்துவிடும். 1966இல் லூமிஸ், பட்டைல் இருவரும் எழுதிய கட்டுரை, பாலிபீனால்களைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் பாலிவினைல்பிரோலிடோனைச் சேர்த்து நொதியைக் காக்கும் வழியை விளக்கியது.

இதற்கிடையே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புளியங்கொட்டைப் பருப்பின் மாவு, ஆலைகளில் நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படலாயிற்று. பருப்பு சரக்கானது, தோல் கழிவானது. இன்று ஆய்வாளர்கள் அக்கழிவையே தேடி வருகிறார்கள். அதன் சாறு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் போன்ற நொதிகளைத் தடுக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

இங்கே நிதானம் தேவை. டானின் ஏறத்தாழ எல்லாப் புரதங்களையும் பற்றக்கூடியது. ஆகவே சோதனைக்குழாயில் ஒரு நொதி தடைபட்டது என்பதாலேயே ஒரு மருந்து கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அந்தத் தடை குறிப்பிட்ட நொதிக்கு மட்டும் உரியதா, குடலைத் தாண்டியும் செயல்படுமா என்பவை தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை.

அதேபோல, 'முன்னோர் நொதித்தடுப்பை அறிந்திருந்தனர்' என்பதும் மிகை. அவர்கள் அறிந்தது விளைவை: இத்தோல் நாக்கை இழுக்கும், உண்ணத் தகாது, வறுத்து நீக்கு. அந்த அறிவை அதன் அளவிலேயே மதிப்போம். மூலக்கூறின் பெயரை அதன்மேல் ஏற்றினால் பாட்டியின் கைப்பழக்கத்துக்கும் பெருமையில்லை, ஆய்வகத்தின் உழைப்புக்கும் பெருமையில்லை.