பூண்டுலோயாப் பகுதியும் குதிரைத் தரிப்பிடங்களும்

பூண்டுலோயாவின் வரலாற்றைத் தேயிலையிலிருந்து தொடங்குதலே வழக்கம். நாம் ஈண்டுக் குதிரையிலிருந்து தொடங்குவோம். 1885ஆம் ஆண்டு புகைவண்டி நானுஓயாவை அடையுமுன்னர், கண்டியிலிருந்து இறம்பொடைக் கணவாய் வழியே நுவரெலியா சென்ற துரைமார் குதிரையையே பெரிதும் நம்பியிருந்தனர். வழியில் அமைந்த வாடிவீடுகள் பயணிக்கு அறையும் குதிரைக்கு லாயமும் அளித்தன. அவ்வழி எளிதன்று. சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட தம் நூலில், இம்மலைப்பாதையில் தமது வண்டி குதிரைகளோடு பள்ளத்தில் வீழ்ந்தமையைப் பதிவு செய்துள்ளார்.

அக்காலத்துத் தொழிலாளர் பயணத்தையும் இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கியோர் மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். வாடிவீடு அவர்க்குரியதன்று, மரநிழலும் அம்பலமுமே அவர்தம் தங்குமிடங்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர்.

தோட்டத்தை அடைந்தோர்க்குக் கிடைத்தது லயம். அச்சொல் ‘லைன்’ என்பதன் திரிபேயன்றி லாயத்தினின்று பிறந்ததன்று. சொற்பிறப்பு வேறாயினும், ஓரறையில் ஒரு குடும்பம் ஒடுங்கிய வாழ்வை நோக்குமிடத்து, இரண்டிற்கும் இடையே நெடுந்தூரம் இருந்ததெனக் கூற எம்மால் இயலவில்லை. குதிரையின் இளைப்பாற்றுக்குத் திட்டமிட்ட காலம், அதன் கடிவாளம் பற்றி நடந்தவனின் இளைப்பாற்றை எண்ணவில்லை. பாதையின் வரலாறு எழுதப்புகுவோர் இவ்விருவகைத் தரிப்பிடங்களையும் ஒருங்கே எழுதுதல் கடன்.