மனைக்கோழியும் அதன் பிள்ளைகளும்: சங்கப் பனுவல்கள் காட்டும் முற்றத்து வரலாறு

தமிழக வரலாற்றெழுத்தில் கோழிக்குக் கிடைத்துள்ள இடம் பெரும்பாலும் சேவலுக்குக் கிடைத்த இடமே ஆகும். யானையோடு பொருது வென்ற சேவலின் கதையால் உறையூர் ‘கோழி’ என்றே பெயர் பெற்றது. முருகன் கொடியில் சேவல் நிற்கிறது. அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கிடைத்த நடுகற்கள், போரில் மடிந்த சேவல்களுக்காக எடுக்கப்பட்டவை. கொடியும் களமும் கல்லும் ஆடவர் கூடும் பொதுவெளியைச் சேர்ந்தவை. ஆதலால் அவை வரலாற்றுச் சான்றுகளாக எளிதில் ஏற்கப்பட்டன. பேடைக்கும் குஞ்சுகளுக்கும் எவரும் கல் நடவில்லை. அவற்றைப் பேணிய மகளிரின் மாலைநேர உழைப்பும் மகிழ்ச்சியும் எங்கும் பொறிக்கப்படவில்லை. எனினும் இலக்கணத்திலும் செய்யுளிலும் அவ்வாழ்வின் தடம் உள்ளது. கோழி வளர்ப்பை வருவாய்க் கணக்காக மட்டும் நோக்கும் போக்கு அத்தடத்தைத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் சொற்கள். தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களை வகுக்குமிடத்து ‘அளகு’ என்னும் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்குகிறது. பறவையினப் பெண்ணுக்குப் பேடை, பெடை என்னும் பொதுப்பெயர்கள் இருக்க, கோழிக்கு மேலும் ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. நாள்தோறும் கண்ணெதிரே திரியும் உயிருக்கே மொழி இவ்வாறு பெயர்களைப் பெருக்கும். இளமைப் பெயர்களுள் ‘பார்ப்பு’, ‘பிள்ளை’ என்னும் இரண்டும் பறப்பவற்றுக்கு உரியன. மக்களுக்கோ குழவி, மகவு என்னும் இரண்டே விதிக்கப்படுகின்றன. மரபியலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதன் வரையறைப்படி ‘பிள்ளை’ என்பது மனிதக் குழந்தையின் பெயரன்று. குஞ்சுக்கு உரிய அச்சொல்லே பிற்காலத்தில் வீட்டுக் குழந்தைக்கு வழங்கும் முதன்மைச் சொல்லாயிற்று. தென்னம்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை ஆகிய வழக்குகளை மனிதப் பெயரின் உருவக நீட்சியாகக் கொள்வோர் உளர். மரபியல் ஓரறிவுயிர்க்கும் ‘பிள்ளை’யை இசைவதால், பெயர் எத்திசையில் பயணம் செய்தது என்பதை அவர்கள் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்யுட் சான்றுகளுள் தலையாயது குறுந்தொகை 139ஆம் பாடல். இதைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். பரத்தையிடமிருந்து மீளும் தலைவனைத் தோழி எங்கள் தெருவுக்கு வாராதே என மறுக்கிறாள். அவனைத் தொடர்ந்து எழும் அம்பலுக்கு அவள் தரும் உவமை மனைக்கோழியின் குரல். மாலையில் வேலிப்புறம் காட்டுப்பூனை வந்துவிடுகிறது. ஒடுங்கும் இடம் தெரியாமல் குறுங்காற் பேடை தன் பிள்ளைகளை ஒருசேரக் கூவி அழைக்கிறது. தாய்மையின் கதறலைப் பழிச்சொல்லுக்கு உவமையாக்கியது பொருந்துமா என்னும் ஐயம் எழக்கூடும். ஓசையின் இன்னாமையை மட்டும் ஒப்பிட்டால் அந்த ஐயம் நீங்காது. தலைவனை வெருகாகவும் தெருவை அஞ்சும் முற்றமாகவும் கொண்டால் உவமை முழுமையும் ஒளிபெறும் என்பது எம் துணிபு. இங்கு நம் நோக்கத்துக்கு முக்கியமானது வேறொன்று. இரை கண்டு குஞ்சுகளை அழைக்கும் தாய்க்கோழியின் குரல் வேறு. பகை கண்டு அழைக்கும் குரல் வேறு. கோழி வளர்த்த வீட்டில் இருந்த காது அவ்விரண்டையும் பிரித்தறியும். கேட்போர் யாவரும் அறிவர் என்னும் நம்பிக்கை இல்லாமல் புலவர் இவ்வுவமையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க இயலாது.

அக்குரலுக்கு எழுந்து வந்தவள் ஒருத்தியைப் புறநானூறு 326 காட்டுகிறது. தங்கால் பொற்கொல்லனார் பாடிய இப்பாடலிலும் பகை வெருகுதான். இருளில் அதற்கு அஞ்சி இளம்பேடை அலறுகிறது. இரவிலும் பஞ்சு வினையில் இருந்த பருத்திப்பெண்டு, செற்றையைத் தட்டிவிட்டு எழுகிறாள். அவள் ஏந்திய சிறுவிளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு பேடை அமைதியடைகிறது. மறக்குடியின் சிறப்பைப் பாடவந்த செய்யுள் இது. வீரன் வருமுன் அவனூரை அறிமுகப்படுத்த, நள்ளிரவில் ஒரு கோழியின் அச்சம் தணிந்த செய்தி போதுமானதாக இருந்திருக்கிறது. நூல்நூற்று வாழும் எளிய பெண்ணின் வீடு அது. அவள் எழுந்தது உடைமையைக் காக்கவா, உயிரைத் தேற்றவா என்று பிரித்துக் கேட்பது நம் காலத்துப் பழக்கம். பாடல் அவ்வாறு பிரிக்கவில்லை.

சேவலுக்கு இவ்விரக்கம் எப்போதும் கிட்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறுந்தொகை 107இல் தலைவனோடு துயிலும் தன்னை எழுப்பிய சேவலை, வெருகின் குட்டிக்கு இரையாகுக எனத் தலைவி சபிக்கிறாள்.

அன்பின் சித்திரத்தை மட்டும் தொகுத்துக் காட்டுவதும் முறையாகாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெயரால் வழங்கும் இரு பாட்டுகளை அடுத்தடுத்துப் படிக்கலாம். பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் உணவைக் கவரவந்த கோழியின்மீது மகளிர் பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். வளத்தைக் காட்டும் புனைவு என்றாலும், விரட்டப்படும் கோழி உண்மையானது. பெரும்பாணாற்றுப்படையிலோ மருதநிலத்துப் பேரூரில் பாணர்க்கு வெண்ணெற் சோற்றோடு மனையளகின் வாட்டும் கிடைக்கிறது. வளர்த்தலும் விரட்டலும் விருந்துக்கு அறுத்தலும் ஒரே முற்றத்தில் நிகழ்ந்தன. இன்றும் பஞ்சாரத்தைக் கவிழ்க்குமுன் குஞ்சுகளை எண்ணி, ஒன்று குறைந்தால் வைக்கோற்போர் வரை தேடிச் செல்லும் பெண், பண்டிகைக்கு அதே கோழியைத் தருவதில் முரண் காண்பதில்லை.

அம்முற்றத்தின் மகிழ்ச்சி பெரிதும் காத்திருப்பில் அமைந்தது. முட்டைகளை அடைவைத்த பின் 21 நாள் பேடை இரைக்கும் நீருக்கும் மட்டுமே எழும். பேடையை நம்பி வாத்து முட்டைகளையும் அதனடியில் வைப்பதுண்டு. பொரித்த வாத்துக்குஞ்சுகள் குட்டையில் இறங்கக் கரையில் நின்று கோழி பதறுவதைச் சிற்றூர்ச் சிறுவர் வேடிக்கையாகப் பார்த்திருப்பர். குஞ்சுகள் வெளிவந்தபின் நொய் தூவுவதும் பருந்தின் நிழலைக் கவனிப்பதும் சிறுவர் பொறுப்பு. ஒருவர் பருந்தாகவும் ஒருவர் தாய்க்கோழியாகவும் மற்றோர் அவர் பின்னே சங்கிலியாகக் கோத்த குஞ்சுகளாகவும் ஆடும் விளையாட்டு இப்பொறுப்பின் வழிவந்ததாகலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொடர்ச்சி பொரிப்பகத்தில் அறுந்தது. நாமக்கல் வட்டாரம் முட்டை உற்பத்தியின் மையமாக வளர்ந்தது. முட்டைக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் வழியினங்களில் அடைகாக்கும் இயல்பு பெரிதும் ஒழிக்கப்பட்டுவிட்டது. அடையிருக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதே காரணம். முட்டை கூடியது, தாய்க்கோழி தேவையற்றதாயிற்று. ஊரகப் பெண்களுக்கு அரசு வழங்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் பொரிப்பகத்தில் தாயின்றிப் பிறப்பவையே. அத்திட்டங்களின் அலுவல் வழக்கு ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்பதாகும். பட்டினப்பாலையில் முற்றத்தில் திரிந்த உயிர் ஆவணத்தில் கொல்லைப்புறத்துக்குச் சென்றுவிட்டது. இச்சொல் மாற்றத்துக்கு உள்நோக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் திட்ட ஆவணம் எடை, முட்டை, வருவாய் ஆகியவற்றையே பதிவு செய்யும் என்பதை ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

தாயற்ற குஞ்சுகள் தீனியிடுபவளின் காலடியைத் தொடர்ந்து ஓடுகின்றன. பேடை எழுப்ப வேண்டிய அழைப்பை அவள் எழுப்புகிறாள். அவ்வழைப்பொலி ஊருக்கு ஊர், சில இடங்களில் வீட்டுக்கு வீடு, வேறுபடுகிறது. இரைக்கு அழைப்பது ஒன்று, அடைக்க அழைப்பது ஒன்று, பருந்தை விரட்டுவது ஒன்று. வட்டார வழக்குகளைத் தொகுப்போர், அவற்றை எழுப்பும் முதிய பெண்கள் இருக்கும்போதே அவர்தம் முற்றங்களுக்கு மாலைவேளையில் சென்று ஒலிப்பதிவு செய்தால், குறுந்தொகை 139க்கு உரையெழுதுவோருக்கும் அப்பதிவு பயன்படும்.