துப்பறியும் நாவல்களும் பரிந்துரை மரபும்

துப்பறியும் நாவல்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கொலையாளி யார் என்பது தெரிந்துவிட்டால், அதே நூலை மறுபடி எடுக்கும்போது பழைய பரபரப்பு இருப்பதில்லை. ஆகவே ஒரு நூல் முடிந்ததும் அடுத்தது தேவைப்படுகிறது. அது முன்பு பிடித்ததைப் போலவும் இருக்க வேண்டும், புதியதாகவும் இருக்க வேண்டும். இந்தத் தேவையை ஒட்டி இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூல்வரிசைகள், வாசகர் கழகங்கள், மதிப்புரைப் பத்திகள், தேர்வுப் பட்டியல்கள், தனிப் புத்தகக் கடைகள் எனப் பல அமைப்புகள் உருவாயின. எந்த எழுத்தாளர் வாசகரைச் சென்றடைந்தார், எவர் மறக்கப்பட்டார் என்பதில் இவற்றின் பங்கு பெரிது.

அட்டையின் நிறம்

மிக எளிய பரிந்துரை அட்டையின் நிறம்தான். பிரான்சில் ஆல்பர் பிகாஸ் 1927இல் 'லெ மாஸ்க்' என்ற நூல்வரிசையைத் தொடங்கினார். அதன் முதல் நூல் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலின் மொழிபெயர்ப்பு. இத்தாலியில் மொண்டடோரி பதிப்பகம் 1929இல் மஞ்சள் அட்டையுடன் ஒரு வரிசையை வெளியிட்டது. மஞ்சளைக் குறிக்கும் 'ஜாலோ' என்ற இத்தாலியச் சொல் நாளடைவில் துப்பறியும் கதைக்கே பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் பெங்குவின் நிறுவனம் 1935இல் ஆறு பென்ஸ் விலையில் தன் முதல் பத்து நூல்களை வெளியிட்டபோது, அகதா கிறிஸ்டி, டோரதி எல். சேயர்ஸ் ஆகிய இருவரின் நாவல்களுக்கும் பச்சை அட்டை இட்டது. எழுத்தாளரின் பெயரைக் கேள்விப்படாதவரும் நிறத்தைப் பார்த்து நூலை எடுக்க முடிந்தது.

நூல்வரிசை சில சமயம் புதிய எழுத்தையே உருவாக்கியது. பாரிஸில் மார்செல் துயாமெல் 1945இல் கறுப்பு அட்டை கொண்ட 'செரி நுவார்' வரிசையைத் தொடங்கினார். அமெரிக்காவில் உரிய இடம் கிடைக்காமல் 1953இல் ஐரோப்பாவுக்குச் சென்ற கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸை, இந்த வரிசைக்காகத் துப்பறியும் நாவல் எழுதும்படி துயாமெல் தூண்டினார். அதுவரை ஹைம்ஸ் அந்த வகையில் நாவல் எழுதியதில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய முதல் துப்பறியும் நாவலுக்கு 1958இல் பிரான்சின் துப்பறியும் இலக்கியப் பெரும்பரிசு கிடைத்தது. இன்று அவர் பெரிதும் நினைக்கப்படுவது அந்த ஹார்லெம் நாவல்களுக்காகத்தான்.

கழகமும் செய்திமடலும்

லண்டனின் காலின்ஸ் பதிப்பகம் 1930இல் 'க்ரைம் கிளப்' என்ற அமைப்பைத் தொடங்கியது. பெயர் கழகம் என்றாலும் இதில் கூட்டமோ சந்தாவோ கிடையாது. பெயரையும் முகவரியையும் பதிவுசெய்த வாசகருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்திமடல் வரும். புதிதாக வந்த நூல்களும் வரவிருக்கும் நூல்களும் அதில் அறிவிக்கப்பட்டிருக்கும். செல்வி மார்ப்பிள் துப்பறியும் முதல் நாவலான 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' அதே ஆண்டில் இந்த வரிசையில்தான் வெளியானது. 1994 வரை நீடித்த க்ரைம் கிளப் 2000க்கும் மேற்பட்ட நூல்களை வெளியிட்டது.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. பதிப்பகம் தன் நூல்களை மட்டுமே முன்னிறுத்தும். அவற்றுள் எது நன்று, எது சுமார் என்று சொல்லாது. அதைச் சொல்லப் பத்திரிகை மதிப்புரையாளர்கள் தேவைப்பட்டனர்.

மதிப்புரைகளும் பட்டியல்களும்

டோரதி எல். சேயர்ஸ் 1933 முதல் 1935 வரை லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழில் துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரை எழுதினார். புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் சக எழுத்தாளர்களின் நடையையும் புதிரின் நேர்மையையும் வாரந்தோறும் எடைபோட்டது இவ்வகை எழுத்துக்கு ஒரு மதிப்பைத் தந்தது.

அமெரிக்க விமர்சகர் ஹோவர்ட் ஹேகிராஃப்ட், எட்கர் ஆலன் போவின் முதல் துப்பறியும் கதை வெளியாகி நூறாண்டு நிறைந்த 1941இல், 'மர்டர் ஃபார் பிளஷர்' என்ற வரலாற்று நூலை வெளியிட்டார். அவர் தொகுத்த முதன்மை நூல்களின் பட்டியலை எல்லரி குவீன் பின்னர் விரிவாக்கினார். இருவர் பெயராலும் வழங்கும் அப்பட்டியல், நூல் சேகரிப்பவர்களுக்கு நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது.

எட்மண்ட் வில்சனுக்கு வந்த கடிதங்கள்

பரிந்துரை எங்கே தவறும் என்பதற்கு 1944இல் நிகழ்ந்த ஒரு விவாதம் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் முன்னணி இலக்கிய விமர்சகர் எட்மண்ட் வில்சன், மக்கள் ஏன் துப்பறியும் கதைகளைப் படிக்கிறார்கள் என்று கேட்டு 'நியூ யார்க்கர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ரெக்ஸ் ஸ்டவுட், அகதா கிறிஸ்டி, டாஷியல் ஹாமெட் ஆகியோரின் எழுத்து அவருக்கு நிறைவளிக்கவில்லை. உடனே வாசகர்களின் கடிதங்கள் குவிந்தன. அவர் தவறான நூல்களைப் படித்துவிட்டார், சரியானவை வேறு என்று பலர் எழுதினர்.

வில்சன் அவர்கள் சொன்ன நூல்களையும் படித்துப் பார்த்தார். பலரும் சிபாரிசு செய்த நூல் சேயர்ஸின் 'தி நைன் டெய்லர்ஸ்'. ஆங்கிலக் கிராமத் தேவாலய மணி அடிக்கும் கலையை விரிவாகச் சொல்லும் நாவல் அது. அந்த விவரங்களுக்காகவே பலர் அதை நேசித்தனர். வில்சனோ அந்தப் பக்கங்களைத் தாண்டிச் சென்றார். 1945 ஜனவரியில் வந்த அவரது அடுத்த கட்டுரை முன்னதைவிடக் கடுமையாக இருந்தது. அதில் ஓரளவு பாராட்டுப் பெற்றவர் ரேமண்ட் சாண்ட்லர் ஒருவர்தான். அவர் எழுதுவதும் துப்பறியும் கதையல்ல, சாகசக் கதை என்றே வில்சன் கருதினார்.

கடிதம் எழுதியவர்கள் தமக்குப் பிடித்ததை நேர்மையாகவே சொன்னார்கள். ஆனால் வில்சன் தேடியது புதிரை அல்ல. பாத்திரங்களின் ஆழத்தையும் நடையையும். ஒரே வகையைச் சேர்ந்த இரு நூல்கள், படிப்பவரின் நோக்கத்தைப் பொறுத்து ஒன்றுபோலவும் தோன்றலாம், முற்றிலும் வேறாகவும் தோன்றலாம்.

ஆண்டனி பவுச்சர்

இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதியவர்களில் முதன்மையானவர் ஆண்டனி பவுச்சர். இவர் 1951 முதல் 1968இல் இறக்கும்வரை 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் குற்றப்புனைவுக்கான பத்தியை எழுதினார். பூட்டிய அறைப் புதிர், காவல்துறை நடைமுறைக் கதை, உளவுக் கதை என ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவுகோலால் மதிப்பிட்டார். பத்தி தொடங்குவதற்கு முன்பே, அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் கதை ஒன்றை மொழிபெயர்த்து 1948இல் எல்லரி குவீனின் துப்பறியும் இதழில் வெளியிட்டிருந்தார். போர்ஹெஸின் புனைவு ஆங்கிலத்தில் வந்தது அதுவே முதல்முறை. அவர் நினைவாக 1970இல் தொடங்கிய 'பவுச்சர்கான்' மாநாட்டில் இன்றும் குற்றப்புனைவு எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடுகின்றனர்.

தனிப் புத்தகக் கடைகள்

மதிப்புரையாளர் எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறார். எதிரே நிற்கும் ஒருவரிடம் பேசும் வாய்ப்பு கடைக்காரருக்கே உண்டு. டிலிஸ் வின் 1972இல் நியூயார்க்கில் 'மர்டர் இங்க்' என்ற கடையைத் திறந்தார். குற்றப்புனைவை மட்டுமே விற்ற முதல் கடையாக இது கருதப்படுகிறது. வாசகர் கடைசியாக எதைப் படித்தார், அதில் எது பிடித்தது என்று கேட்டு அடுத்த நூலை எடுத்துக்கொடுப்பது இத்தகைய கடைகளின் பலம். தனிப் புத்தகக் கடைக்காரர்களின் சங்கம், தாங்கள் மிக மகிழ்ந்து விற்ற நூலுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கியபோது அதற்கு 'டிலிஸ் விருது' என்றே பெயரிட்டது. மர்டர் இங்க் 2006 இறுதியில் மூடப்பட்டது.

மறைந்தவர்களும் மீண்டவர்களும்

ஒரு விமர்சகரின் தீர்ப்பு ஒரு தலைமுறையின் வாசிப்பையே திருப்பக்கூடும். ஜூலியன் சைமன்ஸ் 1972இல் எழுதிய 'பிளடி மர்டர்' இத்துறையின் செல்வாக்குமிக்க வரலாற்று நூல். புதிர்க்கதை படிப்படியாக உளவியல் சார்ந்த குற்றநாவலாக வளர்ந்தது என்பது அதன் பார்வை. அந்தப் பார்வையில் ஃப்ரீமன் வில்ஸ் க்ரொஃப்ட்ஸ், ஜான் ரோட் போன்றவர்கள் சுவையற்ற சாதாரண எழுத்தாளர்களாயினர். ரயில்வே பொறியாளராக இருந்த க்ரொஃப்ட்ஸ், கால அட்டவணைகளைக் கொண்டு குற்றவாளியின் பொய்யை நுணுக்கமாக உடைத்தவர். அந்த நுணுக்கமே அவருக்கு எதிரான குற்றச்சாட்டானது. அவருடைய நூல்களில் பெரும்பாலானவை நெடுங்காலம் அச்சில் இல்லாமல் போயின.

மாற்றம் இந்த நூற்றாண்டில் வந்தது. பிரிட்டிஷ் நூலகம் பழைய துப்பறியும் நாவல்களை மறுபதிப்பாக வெளியிடத் தொடங்கியது. எழுத்தாளர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் இந்த வரிசைக்கு ஆலோசகராகி முன்னுரைகள் எழுதினார். ஜெ. ஜெஃபர்சன் ஃபார்ஜன் 1937இல் எழுதி மறக்கப்பட்டிருந்த 'மிஸ்டரி இன் வைட்', 2014இல் மறுபதிப்பாகி கிறிஸ்துமஸ் காலத்தில் பெருமளவில் விற்றது. க்ரொஃப்ட்ஸின் நாவல்களும் இதே வரிசையில் திரும்பி வந்தன. ஏறத்தாழ எண்பது ஆண்டு பழமையான நாவலை வாசகர்கள் புது நாவலைப்போல் வாங்கினர். முன்பு படிக்காத எவருக்கும் அது புது நாவல்தான்.

மதிப்பீடு

அட்டை நிறம் வகையைச் சொன்னது. செய்திமடல் வரவைச் சொன்னது. மதிப்புரை தரத்தைச் சொன்னது. கடைக்காரர் வாசகரின் விருப்பத்தைக் கேட்டறிந்தார். இவற்றுள் எதுவும் தனித்து முழுமையானதல்ல. ஹைம்ஸ் எழுத வந்ததும், க்ரொஃப்ட்ஸ் மறைந்து மீண்டதும் யாரோ ஒருவரின் பரிந்துரையால் நிகழ்ந்தவை. நூலைப் பற்றி மட்டும் அறிந்தவரின் பரிந்துரை வில்சனிடம் தோற்றது. படிப்பவர் எதைத் தேடுகிறார் என்பதையும் அறிந்தவரின் பரிந்துரையே பயன்பட்டது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.